தேங்காய் இருக்கட்டும், எண்ணெய்க்குக் கணக்கு வேண்டும்

அவியலும் தீயலும் தேங்காய் இல்லாமல் ஆகாது. அதனால்தான் கொலஸ்ட்ராலுக்குப் பயந்து 'தேங்காயை விட்டுவிடுங்கள்' என்று சொல்லும் அறிவுரை நாஞ்சில் நாட்டு அடுக்களைகளில் எடுபடுவதில்லை. அடியோடு விடவும் வேண்டாம். துருவிய தேங்காயிலும் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான், ஆனால் அதோடு நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது. முதலில் குறைய வேண்டியவை ஊற்றுகிற எண்ணெயும் கடையில் வாங்குகிற பொரித்த பண்டமும்.

'கொலஸ்ட்ரால் இல்லை'

எண்ணெய்ப் பாக்கெட்டில் இப்படிப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது என்றே சொல்லலாம். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடலே உண்டாக்குகிறது. நிறைகொழுப்பை (சாச்சுரேட்டட் ஃபேட்) அதிகம் உண்டால், 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரலின் வேகம் குறைகிறது. தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு ஏறக்குறைய 90 சதவீதம்.

நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி நிறைகொழுப்பு சுமார் 22 கிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அது தாண்டிவிடும். அதே கலோரிக்கு, எல்லா எண்ணெயும் சேர்த்து ஆளுக்கு 27 கிராம் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். கடையில் தின்னும் ஏத்தங்காய் சிப்ஸும் பழம்பொரியும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அடுக்களையில் மாற்ற வேண்டியவை

சாளையையும் அயிலையையும் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு உள்ள மீன்கள் அவை. தாளிப்புக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என மாற்றிப் பயன்படுத்துங்கள். காணம், சிறுபயறு, கீரை வாரத்தில் பல நாள் இருக்கட்டும். அவற்றின் நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும்.

கடையில் உங்கள் உரிமை

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. எண்ணெய் சிதைவதால் அதில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விதி. எண்ணெயிலும் வனஸ்பதியிலும், அவற்றைச் சேர்த்துச் செய்யும் பேக்கரிப் பண்டங்களின் கொழுப்பிலும், ஆலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தை மீறக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறை. பாக்கெட் உணவென்றால் நிறைகொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு அளவுகளை அச்சிட்டிருக்க வேண்டும்; வாங்குமுன் படியுங்கள். எண்ணெய் கறுத்து, நுரைத்து, காறல் வாடை வீசினால் படம் எடுத்து, கடைப் பெயரும் இடமும் குறித்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பலாம்.

உடம்புக்குச் செய்ய வேண்டியது

கொலஸ்ட்ரால் கூடினால் உடம்பு முன்கூட்டிச் சொல்லாது; ரத்தப் பரிசோதனைதான் காட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்களும் தள்ளிப்போட வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆலோசனை பெறலாம். நெஞ்சு வலித்தால் 108-ஐ அழையுங்கள். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்ட மாத்திரைகள் தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

ஏற்கெனவே கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுப்பவர்கள், 'எண்ணெயைக் குறைத்துவிட்டோமே' என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. அடுத்த பரிசோதனை முடிவைப் பார்த்து அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.