விலங்கு யாருக்கு?

விலங்கு என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தரும். குறுக்காகச் செல்லும் உயிரினத்தை அது குறிக்கும். காலிற் பூட்டுந் தளையையும் அதுவே குறிக்கும். காட்டு விலங்கைப் பிடித்துத் தளையாகிய விலங்கைப் பூட்டிக் கூட்டிலடைத்துக் காட்டுதல் மனிதர் நெடுங்காலமாகச் செய்துவருந் தொழில். அம்முறை தலைகீழாக மாறி, விலங்குகள் விரும்பியவாறு உலாவ, காணச் செல்லும் மனிதனே கட்டுண்டு நடக்கும் இடமொன்று பசுபிக் சமுத்திரத்தில் உண்டு. அதுவே கலாபகோஸ் தீவுக்கூட்டம்.

தென்னமெரிக்காவிலுள்ள ஈக்குவடோர் நாட்டுக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 600 மைல் தொலைவில், பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடப்பன இத்தீவுகள். எரிமலைக் குழம்பு இறுகிப் பிறந்தவை. தெற்கிலிருந்து வருங் குளிர்நீரோட்டம் தழுவிச் செல்வதால், வெப்பவலயத்திலேயே அங்குப் பெங்குவின் பறவை வாழ்கின்றது. கடலுள் மூழ்கிப் பாசி மேயும் உடும்பினம் உலகில் வேறெங்கும் இல்லை. பறத்தலை இழந்த நீர்க்காகமும் அங்குண்டு. 1835 ஆம் ஆண்டில் இளைஞரான சாள்ஸ் டார்வின் பீகிள் என்னுங் கப்பலில் வந்து ஐந்து வாரந் தங்கினார். தீவுக்குத் தீவு வேறுபட்ட பறவைகளும் ஆமைகளும் பின்னாளில் அவருடைய கூர்ப்புக் கொள்கைக்கு வித்தாயின.

இவ்வுயிர்களின் தனிப்பெரும் பண்பு அஞ்சாமை. தரையில் வேட்டையாடும் பெருவிலங்குகள் இன்மையால், ஓடி ஒளியும் வழக்கத்தை அவை கற்கவில்லை. கரையிறங்குவோர் காலடியிற் கடற்சிங்கம் கண்ணயர்ந்து கிடக்கும். நீலநிறக் காலுடைய பறவை நடைபாதை ஓரத்தில் முட்டையிட்டு, ஆள் வந்தாலும் எழாதிருக்கும்.

இந்த அஞ்சாமையே அவற்றுக்குக் கூற்றமுமாயிற்று. உணவும் நீருமின்றிப் பல மாதம் உயிர்வாழும் பேராமைகளைத் திமிங்கில வேட்டைக்காரர் எளிதிற் பிடித்துக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கினர். வேண்டும்போது கொன்று தின்றனர். இவ்வாறு அழிந்தவை ஓரிலட்சத்துக்கு மேலென்று மதிப்பிடுவர். பின்ரா என்னுந் தீவின் ஆமையினத்திற் கடைசியாக எஞ்சியதற்கு ‘தனித்த ஜோர்ஜ்’ என்று பெயர். 2012 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது இறந்தது. அதனோடு அவ்வினமும் முடிந்தது.

1959 ஆம் ஆண்டில் ஈக்குவடோர் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கியது. உல்லாசப் படகிற் செல்வோருக்கு இன்றுள்ள விதிகள் கடுமையானவை. பல படகுகள் பதினாறு பேரளவினரையே கொள்ளும். எந்தக் கப்பலும் 100 பேருக்கு மேல் ஏற்றலாகாது. இரவிற் கடலோடி, விடியலில் நங்கூரமிட்டு, சிறுதோணியிற் கரைசேர்வர். உணவும் உறக்கமும் படகிலேயே. மாலைக்குள் மீண்டுவிட வேண்டும். வழிகாட்டியின்றிக் காலடி வைத்தலாகாது. உயிர்களுக்கு இரண்டு மீற்றர் அகல நிற்க வேண்டும். கல்லோ கிளிஞ்சலோ எடுத்தலாகாது. ஒருமுறை சென்ற இடத்துக்கு அதே படகு பதினான்கு நாளுக்குள் திரும்பலாகாது. சொந்தப் படகில் வருஞ் செல்வருக்கும் விலக்கில்லை. சுழியோடிகள் படகின் அடிப்பாகத்தைச் சோதிப்பர். அயற்கடற் சிப்பியும் பாசியும் ஒட்டியிருப்பின், அவற்றை அகற்றிய பின்னரே அனுமதி.

குளிரால் நடுங்கியதென்றெண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கொடைமடம்பட்டானென்று போற்றுவது நம் மரபு. அவன் கலாபகோஸ் சென்றிருப்பின் அங்குள்ள காவலர் தடுத்திருப்பர். ஆங்கே தொடுதலும் ஊட்டுதலும் குற்றம்; அகன்று நிற்றலே அருள். அன்பை அடக்கிக்கொள்ளுதல் பேகனின் ஈகையினும் அரிதென்றே தோன்றுகின்றது.

இவ்வளவு காவலிருந்தும் கேடு நேராமலில்லை. 2001 ஆம் ஆண்டு சனவரியில் ஜெசிக்கா என்னும் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்தோபால் தீவருகே தரைதட்டியது. அது சுமந்துவந்த எண்ணெயில் ஒரு பகுதி உல்லாசக் கப்பலொன்றுக்கென வந்தது. நீரோட்டம் எண்ணெயின் பெரும்பகுதியைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோகப் பலரும் ஆறுதலடைந்தனர். ஆயினும் அடுத்த ஓராண்டில் சாந்தா பே என்னுந் தீவின் கடலுடும்புகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை மாண்டன. பாசியைச் செரிப்பிக்கும் குடற்கிருமிகளை எஞ்சிய சிறிதளவு எண்ணெய் கொன்றிருக்கலாமென ஆய்வாளர் கருதினர்.

2023 ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தீவுகளுக்குச் சென்றனர். வெளிநாட்டார் பெரும்பாலோர்க்குரிய நுழைவுக் கட்டணம் 2024 இல் 100 டொலரிலிருந்து 200 டொலராயிற்று. அப்பணம் காவலுக்கு உதவுகின்றது; அவர்களைச் சுமக்கும் படகுகளோ இடரையுங் கூடவே கொணர்கின்றன. கட்டணத்தை உயர்த்துவதால் மட்டும் இச்சிக்கல் அவிழாது. அழகிய இடத்தைக் கண்டவுடன் அதனைத் தனதாக்க விழையும் மனத்துக்கு ஒரு விலங்கு வேண்டும். அதனைப் பூட்டுவது அரசின் கடமை. முகங்கோணாது ஏற்பது யாத்திரிகனின் பண்பு. அஞ்சுதலறியா உயிர்கள் நம்மேல் வைத்த நம்பிக்கைக்கு அதனினுங் குறைந்த கைம்மாறு தகாது.