உறுதிக்கு மூன்று பிரதி. குடும்பப் படத்துக்கு எத்தனை?

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே உறுதிப் பெட்டி என்று ஒன்று இருக்கும். காணி உறுதிகள், பிள்ளைகளின் சாதகக் குறிப்புகள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், திருமணப் படங்கள் ஆகியன அதனுள்ளே துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, வேறெதையும் எடுக்க இயலாவிடினும் இப்பெட்டியை எடுத்துச் சென்றோர் பலர். அதனையும் எடுக்க முடியாமற் போனோரும் உளர்.

காணி உறுதியை இழந்தவர்களுக்குப் பின்னர் அதன் பிரதியைப் பெற ஒரு வழி இருந்தது. எங்ஙனமெனில், எமது நாட்டில் நொத்தாரிசு ஒருவர் உறுதி முடிக்கும்போது மூலத்தை உரியவரிடம் கொடுக்கிறார். ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். இன்னொரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். மூன்று பிரதிகள், மூன்று இடங்கள். திருமணப் படத்தை இழந்தவர்களுக்கோ எந்தப் பதிவகமும் கைகொடுக்கவில்லை. கொழும்பிலோ ரொறன்ரோவிலோ வாழும் உறவினரின் அல்பத்தில் ஒரு படம் தற்செயலாக எஞ்சியிருந்தாலே உண்டு.

இன்று அப்பெட்டியின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. படங்களும், குரற்பதிவுகளும், பிள்ளைகளின் படிப்புச் சான்றுகளும் அதனுள்ளே கிடக்கின்றன. அவற்றுக்கு எத்தனை பிரதி உண்டு, அவை எங்கே உள்ளன என்ற வினாவை நாமும் நெடுங்காலம் எழுப்பவில்லை. எழுப்பியபோது காலம் கடந்துவிட்டது.

இடி விழுந்த மாலை

எம்மிடம் காப்புப் பிரதி இல்லாமலில்லை. கணினியின் பக்கத்திலேயே ஒரு வெளி வன்தட்டு, அதாவது பேச்சு வழக்கில் ‘ஹாட் டிஸ்க்’ என நாம் கூறும் சிறு பெட்டி, எந்நேரமும் கம்பியினாற் பொருத்தப்பட்டிருந்தது. காப்பு மென்பொருள் ஒன்று நாள்தோறும் தானாகவே பிரதி எடுத்து வந்தது. ‘பிரதி எடுக்கப்பட்டது’ என்ற செய்தியைக் கண்டு நாம் நிம்மதியாக உறங்கினோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மாலையொன்றில் எமது ஒழுங்கையிலே இடி விழுந்தது. மின்கம்பி வழியாக வந்த தாக்கம் கணினியையும், அதனோடு பொருத்தியிருந்த வன்தட்டையும் ஒரே கணத்திற் செயலிழக்கச் செய்தது. இரண்டையும் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தோம். மீட்க இயலாதெனத் திருப்பி அனுப்பினார்கள்.

படங்களுட் பெரும்பாலானவற்றை ரொறன்ரோவிலுள்ள எமது மைத்துனர் மீண்டும் அனுப்பிவைத்தார். ஆயின், காலஞ்சென்ற எமது மாமியார் தம் இளமைக் காலத்து நல்லூர்த் திருவிழாவைப் பற்றிச் சொல்லக்கேட்டு நாம் பதிந்துவைத்த பதினொரு நிமிடக் குரற்பதிவு வேறெங்கும் இருக்கவில்லை.

“அம்மாவின்ரை குரல் வேறை ஒரு இடத்திலையும் இல்லையோ?” என எமது இல்லாள் ஒருமுறை கேட்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை.

கணினித் துறையிலே தொழில் பார்க்கும் எமது பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கூறியது இது: “சேர், நீங்கள் இரண்டு பிரதி வைத்திருந்ததாக நினைத்தீர்கள். ஒரே இடத்தில், ஒரே மின்சாரத்தில் இருந்தபடியால் அது ஒரு பிரதிதான்.” வகுப்பறையில் நாம் அவருக்குக் கற்பித்தவற்றைவிட அவர் அன்று எமக்குக் கற்பித்தது பெரிதெனவே எண்ணுகிறோம்.

இடி மாத்திரமே பகையன்று. கணினிக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நச்சு மென்பொருள்கள் உண்டு. அவை அவ்வேளையிற் பொருத்தப்பட்டிருக்கும் காப்புத் தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் எமது நாட்டு அரசாங்கத்தின் கணினி மேகத்தையே அத்தகைய தாக்குதல் ஒன்று பற்றியது. சேவை விரைவில் மீண்டபோதிலும், அவ்வாண்டு மே 17ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி கையில் இருக்கவில்லை. அரசுக்கே இந்நிலையெனில் எமது வீட்டு மேசை எம்மாத்திரம்!

குழு என்பது யாது?

காப்பு மென்பொருளில் வன்தட்டு ஒன்றைத் தனியே பதிவுசெய்யலாம். பல தட்டுகளை ஒரு குழுவாகவும் பதிவுசெய்யலாம். குழு என்ற ஒரே சொல் மூவகை ஏற்பாடுகளைக் குறிக்கக்கூடும். அவற்றின் வேறுபாட்டை அறியாது தெரிவு செய்தால் குழு அமைத்தும் பயனில்லாது போகும்.

முதலாவது, சேர்த்து நிரப்பும் குழு. ஒரு தட்டு நிறைந்ததும் அடுத்ததில் எழுதும். இடம் பெருகுமேயன்றிப் பாதுகாப்புப் பெருகாது. ஒரு தட்டுப் பழுதானால் மற்றவற்றில் உள்ளனவும் பயன்படாது போகலாம்.

இரண்டாவது, இணைந்து எழுதும் குழு. ஒன்றில் எழுதுவதை அதே கணத்தில் மற்றதிலும் எழுதும். பல தட்டுகளை ஒன்றாக்கிப் பயன்படுத்தும் முறைகளை வகுத்து, அமெரிக்காவின் பேர்க்கிளி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. இவ்வகைக் குழுவில் ஒரு தட்டுப் பழுதானாலும் வேலை நில்லாது. ஆயினும், பிள்ளையொன்று தவறுதலாகப் படமொன்றை அழித்தால் அது இரண்டிலும் ஒருங்கே அழியும். எனவே இது காப்புப் பிரதிக்கு ஈடாகாது.

மூன்றாவது, முறை மாறும் குழு. மூன்று தட்டுகள் ஒரே பெயரின்கீழ் இருக்கும். எது பொருத்தப்பட்டுள்ளதோ அதில் மென்பொருள் எழுதும். மற்ற இரண்டும் கணினியைத் தொடாமல் வேறிடத்தில் இருக்கும். இல்லங்களுக்கு வேண்டியது இதுவே.

அமைக்கும் முறை

எமது பழைய மாணவர் சொல்லிக்கொடுத்தபடி நாம் செய்தவற்றை இங்கே கூறுகிறோம்.

முதலில் மூன்று தட்டுகளுக்கும் வெள்ளை, நீலம், சிவப்பு எனப் பெயரிட்டு, அதே பெயரைக் கணினியிலும் பதிந்து, வெளியே அந்நிறத் தாளை ஒட்டினோம். விண்டோஸ் கணினி, பொருத்தும் தட்டுக்கு ‘ஈ’ என்றோ ‘எஃப்’ என்றோ ஓர் எழுத்தை வழங்கும். இன்று ‘ஈ’ ஆக இருந்த தட்டு நாளை ‘எஃப்’ ஆகலாம். எழுத்தை மட்டும் நம்பும் மென்பொருள் தட்டைக் காணாது நின்றுவிடும். அன்றி, பிள்ளையின் பாடசாலைத் தட்டில் எழுதிவிடும். ஆதலால் எழுத்தைக் கொண்டன்றித் தட்டின் அடையாள எண்ணைக் கொண்டு இனங்காணும்படி மென்பொருளிற் குறிக்கவேண்டும். அவ்வசதி இல்லாவிடின், தட்டு ஒவ்வொன்றுக்கும் நிலையான எழுத்தொன்றைக் கணினியிலேயே ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது மிக முக்கியமானது. மென்பொருள் முதல் முறை முழுப் பிரதி எடுத்துவிட்டு, அதன்பின் மாறியவற்றை மட்டும் எடுப்பது வழக்கம். முழுப் பிரதி வெள்ளையிலும் மாற்றங்கள் நீலத்திலும் சென்றுவிட்டால், வெள்ளையை இழந்த அன்றே நீலமும் வெறும் பெட்டியாகிவிடும். எனவே, தட்டு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி முழுப் பிரதியும், அதற்குரிய தனி மாற்றங்களும் கொண்டிருக்கும்படி குழுவை அமைக்கவேண்டும்.

தட்டின் கொள்ளளவு, உங்களிடமுள்ள கோப்புகளைப் போல இரு மடங்கேனும் இருத்தல் நன்று. ஒரு டெராபைற் எனக் கூறி விற்கும் தட்டு விண்டோஸில் 931 கிகாபைற் எனத் தோன்றும். அது கணக்கிடும் முறையின் வேறுபாடேயன்றிக் கடைக்காரர் செய்த மோசடியன்று. குழுவில் ஒரு தட்டு மாத்திரம் சிறியதாயின், முழுப் பிரதி அதில் அடங்காத நாள் வரும். மூன்றும் ஒரே அளவில் இருக்கட்டும்.

பழைய பிரதிகளை எத்தனை காலம் வைப்பது? கணினித் துறையினர் காந்த நாடாக் காலம் முதலாக இதனைப் பாட்டன், தந்தை, மகன் என உறவுமுறை வைத்தே அழைப்பர். நாட்பிரதி மகன், வாரப்பிரதி தந்தை, மாதப்பிரதி பாட்டன். நாம் நான்கு வாரப்பிரதிகளையும் பன்னிரண்டு மாதப்பிரதிகளையும் வைக்கும்படி குறித்துள்ளோம். சித்திரையில் அழிந்த படத்தை ஆவணியில் தேடுவோர்க்குப் பாட்டனே துணை.

வீட்டுக்கு வெளியே செல்லும் தட்டைக் கடவுச்சொல்லினாற் பூட்டுதல் அவசியம். அச்சொல்லை மறந்தால் எவராலும் திறக்க இயலாது. ஆதலால் அதனைத் தாளில் எழுதிப் பழைய உறுதிப் பெட்டியிலேயே வைத்துள்ளோம். குறித்த நேரத்தில் தட்டு எதுவும் பொருத்தப்படாவிடின், பேசாதிராமல் எமக்கு அறிவிக்கும்படியும் மென்பொருளிற் குறித்துள்ளோம்.

ஞாயிறு தோறும் காலையில், மூன்றினுள் மிகப் பழைய பிரதியுள்ள தட்டைப் பொருத்திப் பிரதி எடுக்கிறோம். முடிந்ததும் கழற்றிவிடுகிறோம். மாலையில் எமது இல்லாள் கொக்குவிலிலுள்ள தமக்கையார் வீட்டுக்கு அதனைக் கொண்டுசென்று வைத்துவிட்டு, சென்ற வாரத்துத் தட்டை எடுத்துவருகிறாள். எப்போதும் ஒன்று வெளியே. இரண்டு எமது அலுமாரியில். எந்நிறம் எங்குள்ளது என்பதை ஒரு கொப்பியில் அவளே எழுதிவருகிறாள். இதில் எம்மை அவள் நம்புவதில்லை, அது நியாயமே.

மீட்டுப் பார்த்தல்

பிரதி எடுப்பது பாதி வேலை. அதை மீட்டுப் பார்ப்பதே மறுபாதி. பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ‘டோய் ஸ்ரோரி 2’ என்னும் படத்துக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1998இல் அது தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளையொன்றினால் அதன் கோப்புகள் கணினியிலிருந்து அழியத் தொடங்கின. காப்பு நாடாக்களைத் தேடினர். அவையும் சரிவர இயங்கியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப இயக்குநருள் ஒருவரான கேலின் சுஸ்மன் என்னும் பெண்மணி, கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்து பணியாற்றியவர். அவ்வசதிக்காக அவரது வீட்டுக் கணினியில் படத்தின் பிரதியொன்று இருந்தது. அதனைக் காரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தனர், படமும் பிழைத்தது. பெருநிறுவனத்தின் நாடாக்கள் கைவிட்டவிடத்து ஒரு தாயின் வீட்டிலிருந்த பிரதி கைகொடுத்தது.

நாம் மாதத்துக்கொருமுறை குழுவிலுள்ள ஒரு தட்டிலிருந்து ஏதேனும் பத்துக் கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்கிறோம். அப்பணி எமது மகளுடையது. முதல் மாதத்திலேயே சிவப்புத் தட்டின் கம்பி பழுதென்பதைக் கண்டுபிடித்தவள் அவளே.

மாமியாரின் குரல் மீளவில்லை. இனி மீளவும் மாட்டாது. அவ்விழப்பின் பின்னர், எண்பது வயதைக் கடந்த எமது தாயாரை ஓய்வான மாலைகளிலே திண்ணையில் இருத்தி, அவர் சொல்வனவற்றைப் பதிந்துவருகிறோம். சென்ற மாதம் மகள் மீட்ட பத்தினுள் அவற்றில் ஒன்றும் இருந்தது. தம் குரலைக் கேட்ட தாயார், “உது நானோ?” என்று சிரித்தார். இல்லாளும் அருகிருந்து கேட்டாள்.

வாசகர்களே, காணியை எவரும் அள்ளிச் செல்ல இயலாது. ஆயினும் அதன் உறுதிக்கு மூன்று பிரதி வைத்தனர் எமது முன்னோர். உங்கள் வீட்டு முதியோரின் குரலுக்கும் முகத்துக்கும் எத்தனை உண்டென்று இன்றே எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் எனக் கண்டால், அடுத்த ஞாயிறு வரை பொறுத்திராதீர்கள். பிரதியொன்றை எடுத்து, மாலையில் உறவினர் வீடு செல்கையில் கையோடு கொண்டுசெல்லுங்கள்.