மருந்தறைக்கு யாரை அனுப்புகிறோம்?

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தி "உராய்வு காரணமாக" என்று முடிந்துவிடுகிறது. அந்த உராய்வை உண்டாக்கிய கை அதற்கு முன் எந்த வேலையில் பழகியது என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

லேபிள் ஒட்டுவது, பெட்டி போடுவது போன்றவை எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலைகள். வேகம் கூடினால் வருமானம் கூடும். வெடிமருந்து கலக்கும் மருந்தறையில் அதே வேகம் உயிரை எடுக்கும். தீபாவளி நெருங்கும்போது மருந்தறையில் ஆள் குறைந்தால், பெட்டி போடுவதில் கெட்டிக்காரரை அங்கே மாற்றிவிடுவது சுலபம். பழகிய வேகத்தோடுதான் அவர் உள்ளே போவார்.

அலுமினியப் பவுடரும் பச்சை உப்பும் (பேரியம் நைட்ரேட்) சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால், தீப்பொறியே இல்லாமல் உள்ளுக்குள் சூடேறும். அம்மோனியா நெடி வரும். தெரிந்தவர் அந்த நெடி வந்ததுமே அறையைக் காலி செய்யச் சொல்லி ஃபோர்மேனைக் கூப்பிடுவார். தெரியாதவர் கட்டி தட்டியிருக்கிறதே என்று கையால் உடைத்துவிடப் பார்ப்பார். கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம். காரணம் சொல்லாமல் விதியை மட்டும் ஒப்பித்தால், அவசரத்தில் முதலில் மறப்பது அதைத்தான்.

சட்டத்தில் குறையில்லை. கந்தகத்தோடு குளோரேட் சேர்ப்பதற்கு 1992-லேயே தடை வந்தது. இரும்புக் கருவி கூடாது, நைலான் உடை கூடாது, செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னேற்றத்தை இறக்கிவிட்டே உள்ளே போக வேண்டும். உள்குத்தகையில் இதெல்லாம் கரைந்துபோகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று இதே வட்டாரத்தில் உள்ள அச்சங்குளத்தில் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்த ஆலை, அறை அறையாகப் பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. அப்படிப்பட்ட இடத்தில் யாருக்கு யார் பயிற்சி கொடுப்பது?

பயிற்சி என்றால் கூட்டிவைத்துப் பேசிவிட்டுக் கையெழுத்து வாங்குவதல்ல. புதியவர் முதலில் எரியாத பொடியைச் சலித்துப் பழக வேண்டும். ஃபோர்மேன் பக்கத்தில் நின்று கையைக் கவனிக்க வேண்டும். பதற்றக்காரர், அவசரக்காரர் என்று தெரிந்தால் அவரை வேறு அறைக்கு அனுப்புவதில் அவமானம் எதுவும் இல்லை. மருந்தறையில் இருப்பவர்களுக்கு எண்ணிக்கைக் கூலியை நிறுத்தி நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆர்டர் குவியும் மாதங்கள் வருவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும்.