மழை பெய்தால் யார் தலையில்?

"மாமா, எம்.ஏ. சேரப் போறேன்" என்றாள் அக்கா மகள்.

நல்ல சேதிதானே என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே, "என்ன எம்.ஏ.?" என்றேன்.

"ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சுரல் மேனேஜ்மென்ட். லண்டன்ல."

முறுக்கு தொண்டையில் நின்றுவிட்டது. அடுப்படியிலிருந்து அவள் அப்பத்தாவின் குரல்: "அதென்னடி, கூத்தாடிகளை மேய்க்கிற படிப்பா?"

"கிட்டத்தட்ட அதான் அப்பத்தா!"

வீரசோழனில் அன்று சந்தை. மச்சானுக்கு ஆட்டு வியாபாரம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியே பழகிய மனுஷர். எந்தத் தொகையைச் சொன்னாலும் ஆட்டுக் கணக்கில் மாற்றித்தான் அவருக்குப் புரியும். "ஃபீஸ் எவ்வளவு மாப்ள?" என்றார். இருபதாயிரம் பவுனுக்கு மேல், நம்ம பணத்தில் இருபது லட்சம் தாண்டும், சாப்பாடு, வாடகை தனி என்றேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். "இருநூறு ஆடு" என்றார். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் பேசவே இல்லை.

பி.காம். படித்தவன் என்ற ஒரே தகுதிக்காக, 'இந்தப் படிப்பு தேறுமா, தேறாதா' என்று விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விசாரித்தேன். நாடகக் குழு, இசை விழா, மியூசியம், நாட்டியப் பள்ளி இவற்றையெல்லாம் எப்படி நடத்துவது, பணம் எங்கே திரட்டுவது, கூட்டத்தை எப்படி வரவழைப்பது, ஒப்பந்தம் எப்படி எழுதுவது, அரசாங்கம் கலைக்கு என்ன செய்ய வேண்டும்... இதுதான் பாடத்திட்டம். இங்கிலாந்தில் ஒரு வருஷ முதுகலை. நம் நாட்டில் இது புதுசு. பெங்களூரில் 1993-ல் ஆரம்பித்த இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலைஞர்களுக்கு நிதி கொடுக்கிறது. டெல்லியில் 2010-ல் ஆர்திங்க் சவுத் ஏஷியா என்று கலை நிர்வாகப் பயிற்சி ஒன்று தொடங்கினார்கள். நடிப்புப் படிக்கப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. நடிப்பவருக்குச் சம்பளம் வாங்கித் தருவது எப்படி என்று படிக்கத்தான் இடம் குறைச்சல்.

பாடப் புத்தகப் பட்டியலைப் பார்த்தபோது ஒரு பெயர் என்னை நிறுத்தியது. பாமல், போவன் என்று இரண்டு அமெரிக்கப் பொருளாதாரக்காரர்கள் 1966-ல் எழுதிய புத்தகம். அவர்கள் சொல்வதை நம்ம ஊருக்கு இறக்கிப் பார்த்தேன். அருப்புக்கோட்டையில் கைத்தறி போய் விசைத்தறி வந்தது. ஒரே ஆள் நாலு தறி பார்த்தார், துணி கூடுதலாக வந்தது, அதற்கேற்பக் கூலியை ஏற்றிக் கொடுக்க முடிந்தது. ஆனால் 'வள்ளி திருமணம்'? சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) காலத்தில் ஒரு முருகன், ஒரு வள்ளி, ஒரு நாரதர் வேண்டும். இன்றைக்கும் அதே கணக்குதான். ஒரே ஆள் நாலு வள்ளியாக நிற்க முடியாது! விடிய விடிய நடப்பதை அரை மணி நேரத்தில் முடிக்கவும் முடியாது. உற்பத்தி கூடாது, ஆனால் பஸ் கட்டணமும் அரிசி விலையும் மற்றவர் கூலியும் கூடிக்கொண்டே போகும். ஆகவே கலை என்பது என்றைக்குமே துண்டு விழுகிற தொழில். யாரோ ஒருவர் அந்தத் துண்டை நிரப்பியாக வேண்டும்.

இங்கிலாந்தில் அதற்கு 1946-ல் ஆர்ட்ஸ் கவுன்சில் வந்தது. அதற்கு அடித்தளம் போட்டவர், நாங்கள் எக்கனாமிக்ஸ் பேப்பரில் பயந்து பயந்து படித்த அதே கீன்ஸ். (அவர் மனைவி ஒரு பாலே நடனக்காரி. வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ!) நம்ம ஊரில் அந்தக் கவுன்சிலுக்குப் பெயர் தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். மிச்சத்துக்கு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பையன் உபயம்.

சரி, இருநூறு ஆட்டை விற்பதற்கு முன்னால், இந்தத் தொழிலைப் படிக்காமலே செய்கிற ஒருவரைப் பார்த்துவிடலாம் என்று, அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு நரிக்குடி, திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சீமைக்கருவேலம்.

நாடக அமைப்பாளர். ஜனங்கள் சொல்வது 'நாடக ஏஜெண்ட்'. மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூம். சுவர் முழுக்க நாடக நோட்டீஸ்கள், பவுடர் பூசிய முகங்களின் வரிசை. மேஜையில் ஒரு டைரி, இரண்டு செல்போன், ஒரு வெற்றிலைப் பெட்டி. அதுதான் தலைமை அலுவலகம்.

எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன், டான்ஸ், ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எல்லாம் வேறு வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'ஸ்பெஷலாக' அமர்த்துவதால்தான் அந்தப் பெயர். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் முருகனும் வள்ளியும் சந்திப்பார்கள். தர்க்கம் வந்தால் அங்கேயே பாட்டைப் பிடித்துப் பதில் கொடுக்க வேண்டும். இத்தனை பேரையும் ஒரே ராத்திரியில், ஒரே பொட்டலில் கொண்டுவந்து இறக்குகிறாரே, அவர்தான் மேனேஜ்மென்ட்!

"சுவாமிகள் காலத்துல கம்பெனி இருந்துச்சு பாப்பா. 1918-ல மதுரையில பாலர் சபா வச்சாரு. பையன்களுக்குச் சோறு, படுக்கை, பாடம் எல்லாம் ஒரே கூரை. இப்ப கூரை கிடையாது. இந்த டைரிதான் கூரை" என்றார் ஏஜெண்ட்.

அக்கா மகள் நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்தாள். சீசன் எப்போ? பங்குனி, சித்திரை, வைகாசிதான் உச்சம். 2020-ல் ஊரடங்கு மார்ச்சில் வந்தது, சரியாகக் காப்புக் கட்டும் நேரத்தில். அந்த வருஷ டைரியைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பெருக்கல் குறி. அவள் பேனா கொஞ்ச நேரம் நகரவில்லை.

அப்புறம் சட்டம். திறந்த வெளியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த விதி. நாடகம் ஆரம்பிப்பதே பத்து மணிக்கு! ஆக, ஒவ்வோர் ஊருக்கும் ஸ்டேஷனில் போய் நிற்பதும் தொழிலில் ஒரு பகுதி. நான் என் பங்குக்கு, நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்கு ஒரு கலைஞர் வாங்கும் தொகை ஒன்றரை லட்சம் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது என்று பி.காம். ஞானத்தைக் காட்டினேன். "ஒன்றரை லட்சமா?" என்று ஏஜெண்ட் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது.

"இப்ப பெரிய தொல்லை செல்போன்தான். முழு நாடகத்தையும் எடுத்து யூடியூப்புல போட்டுடறாங்க. பபூன் ஜோக்கை ஆரம்பிச்சா முன்வரிசைப் பையன் முடிச்சு வைக்கிறான்!"

"அய்யா, அனுமதி இல்லாம எடுக்கக்கூடாது. 1957 காப்புரிமைச் சட்டத்துல 1994-ல சேர்த்திருக்காங்க, நடிப்பவருக்கும் உரிமை உண்டு. ஐம்பது வருஷம்!" என்றாள் அக்கா மகள்.

ஏஜெண்ட் டைரியை மூடிவிட்டு அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா?"

பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னேன். (பெயர் இங்கே வேண்டாம். வீரசோழனிலிருந்து கொஞ்ச தூரம்.) அவர் முகம் மாறியது.

"அந்த மழை ஊரா?"

எனக்கு வியர்த்துவிட்டது. நான் பி.காம். முடித்த வருஷம், 'படிச்ச பையன்' என்று எங்கள் பொங்கல் கமிட்டியில் கணக்கு எழுத வைத்தார்கள். ராத்திரி ஒரு மணிக்கு, முருகன் வேடனாக வரும் நேரத்தில், கோடை மழை கொட்டிவிட்டது. நாடகம் நின்றது. 'பாதி ஆட்டம், பாதிச் சம்பளம்' என்றது கமிட்டி. நனைந்த சேலையோடு வள்ளி வேஷக்கார அக்கா என் மேஜை முன்னால் நின்று, "தம்பி, நான் வர வேண்டிய நேரத்துக்கு வந்துட்டேன். மழையையும் நானா கூட்டிட்டு வந்தேன்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு 'மழை - கழிவு' என்று எழுதினேன். பற்று வரவு சரியாக டேலி ஆனது. அந்தக் கணக்குக்காகக் கைதட்டு வேறு வாங்கினேன்!

ஏஜெண்ட் அலமாரியிலிருந்து ஒரு பழைய டைரியை உருவினார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் 'பாக்கி 6,500' என்று இருந்தது. அன்றைக்கே தன் கையிலிருந்து அத்தனை பேருக்கும் முழுச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

நான் பர்ஸை எடுத்தேன்.

"வேணாம் தம்பி. இது ஊர்ப் பாக்கி. உங்ககிட்ட வாங்குனா என் கணக்கு தப்பாயிடும்" என்றார். "அதுக்கப்புறம் உங்க ஊருக்கு நான் தேதி குடுக்கலை."

அது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் எங்கள் ஊரில் நாடகமே இல்லை. ஆடல் பாடல்தான். ஏன் என்று இத்தனை வருஷம் நான் யோசித்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா மகள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதினாள். எளிய தமிழ். அட்வான்ஸ் எவ்வளவு, சாப்பாடு யார், வேஷம் போட மறைவான இடம், பெண்களுக்குக் கழிப்பிடம், வீடியோ எடுத்தால் யாரைக் கேட்க வேண்டும்... ஆறாவது ஷரத்து: மேடையேறிய பிறகு மழை பெய்தால் முழுச் சம்பளம்.

லண்டன் போனதா? ஸ்காலர்ஷிப் பார்த்தோம். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செவனிங் கிடைத்தால் ஃபீஸோடு செலவும் அவர்களுடையது. ஆனால் விண்ணப்பிக்கவே இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டுமாம், மணிக்கணக்கில் 2,800. "அப்ப இருநூறு ஆடு தப்பிச்சுச்சு" என்று மச்சான் இரண்டு நாள் கழித்து வாயைத் திறந்தார். இப்போதைக்கு வாரத்தில் மூன்று நாள் அந்த மாடிப்படி ரூமுக்குப் போய்வருகிறாள். டைரியையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, மணிக்கணக்கு மட்டும் ஏறுகிறது.

போன வாரம் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு ஊர்க் கமிட்டி வந்ததாம். தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஆறாவது ஷரத்தில் நின்றார்.

"மழை வந்தா முழுச் சம்பளம்... சரி, அது நியாயம்தான். ஏம்மா, மழை வரலைன்னா ஏதாவது தள்ளுபடி உண்டா?"