கழுநீரோடு போகும் சத்து

(வானொலிப் பேச்சு)



குற்றாலச் சாரல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குளியல். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கம் நெல் போடுகிற நமக்கு அது பிழைப்பு. சாரல் பிடித்தால்தான் சிற்றாற்றில் தண்ணீர் வரும். ஆற்றில் வந்தால்தான் கால்வாய்க்கும் குளத்துக்கும் வரும். அதற்கு அப்புறம்தான் கார் நடவு. கார், பிசானம் என்று இரண்டு பூவுக்கும் விதை, உரம், பூச்சி மருந்து பற்றியெல்லாம் நிறையக் கேட்டிருப்பீர்கள். அந்த நெல் அறுத்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசுவோம்.

நூறு கிலோ நெல்லை மில்லுக்குக் கொண்டு போகிறோம். அதிலே சுமார் 20 கிலோ உமியாகப் போகும். 5 முதல் 8 கிலோ வரை தவிடாக வரும். தவிடு மாட்டுக்கு. வீட்டுக்கு வந்த அரிசியை மூன்று தண்ணீர், நாலு தண்ணீர் விட்டு அலசுகிறோம். அந்தக் கழுநீரும் மாட்டுக்கு. சோறு பொங்கி வடிக்கிறோம். வடிகஞ்சியும் மாட்டுத் தொட்டிக்குத்தான். மாடு பளபளவென்று இருக்கிறது. ஆனால் வீட்டிலே பிள்ளை வெளிறிப் போய் இருக்கிறது, தாய் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாட்டைக் குறை சொல்லவில்லை. நெல்லின் சத்து யாருக்குப் போகிறது என்று கணக்குப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

தவிட்டுக்குள் என்ன இருக்கிறது?

அரிசியின் நடுப்பகுதி பெரும்பாலும் மாவுச் சத்து. அது வயிற்றை நிரப்பும், வேலை செய்யத் தெம்பு தரும். ஆனால் அந்த மாவைத் தெம்பாக மாற்றுவதற்கு உடம்புக்குப் பி-1 என்கிற வைட்டமின் வேண்டும். தயமின் என்றும் சொல்வார்கள். அடுப்பிலே விறகு இருந்தாலும் தீக்குச்சி வேண்டும் அல்லவா, அந்த மாதிரி. இந்த வைட்டமினைக் கடவுள் அரிசியின் மேல் தோலிலும் முளைப் பகுதியிலும் வைத்திருக்கிறார். அதைத்தான் நாம் தவிடு என்று உரித்து எடுத்து விடுகிறோம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவுப் பட்டியலில் இந்தக் கணக்கு இருக்கிறது. நூறு கிராம் தவிட்டில் 2.7 மில்லிகிராம் பி-1 உண்டு. மில்லில் தீட்டிய பச்சரிசியில் வெறும் 0.06. கைக்குத்தல் பச்சரிசியில் 0.21. இப்போது கவனித்துக் கேளுங்கள். மில்லில் தீட்டிய புழுங்கல் அரிசியிலும் 0.21. அதாவது அதே மில்லில் அதே மாதிரி தீட்டினாலும், நெல்லை அவித்திருந்தால் மூன்றரை மடங்கு சத்து அரிசியிலேயே நின்று விடுகிறது. கைக்குத்தல் புழுங்கலில் இன்னும் கொஞ்சம் கூட, 0.27.

அவிக்கும்போது நடப்பது என்ன?

நெல்லை ஊறப் போடும்போது தண்ணீர் உமியைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. இறங்குகிற தண்ணீர் தவிட்டிலுள்ள சத்தைக் கரைத்து, அரிசியின் உள்ளே கூட்டிக் கொண்டு போகிறது. பிறகு ஆவியில் அவிக்கிறோம். மாவு வெந்து பசை மாதிரி இறுகி, உள்ளே வந்த சத்தைப் பூட்டிப் போட்டு விடுகிறது. அரிசியிலுள்ள கீறலும் ஒட்டிக் கொள்ளும். அதனால்தான் புழுங்கல் நெல்லை அரைத்தால் குருணை குறைவாக விழுகிறது. நம் பாட்டிமார் வைட்டமின் என்ற பேரைக் கேட்டதில்லை. ஆனால் அண்டாவில் நெல்லை அவித்துக் களத்தில் காயப் போட்டபோது இந்த வேலையைத்தான் செய்தார்கள்.

கோழி சொன்ன பாடம்

இது நாட்டுப் பெருமைக்காகச் சொல்கிற பேச்சு இல்லை. உலகம் இதை உயிர்களைக் கொடுத்துத்தான் படித்தது. பெரிபெரி என்று ஒரு வியாதி இருந்தது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தளரும், கடைசியில் இருதயம் நின்று போகும். 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் மீந்த தீட்டிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் துவண்டு போவதைக் கண்டார். புதிதாக வந்த சமையல்காரர், பட்டாளத்து அரிசியைக் கோழிக்குக் கொடுக்க மாட்டேன் என்று நிறுத்தி விட்டார். தீட்டாத அரிசியைத் தின்ன ஆரம்பித்ததும் கோழிகள் எழுந்து நடந்தன. பிறகு அந்தத் தீவின் 101 சிறைகளில் கணக்கு எடுத்தார்கள். தவிடு போகாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்குத்தான் பெரிபெரி. தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர். எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மலேயாவில் நம் தமிழர்

அடுத்த சங்கதி நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் பக்கத்திலிருந்து மலேயாத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் புழுங்கல் அரிசிதான் சாப்பிட்டார்கள். சீனத் தொழிலாளர்கள் வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்டார்கள். பெரிபெரி சீனர்களை வாரிக் கொண்டு போயிற்று. தமிழர்களை அநேகமாகத் தொடவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இந்த வித்தியாசத்தை எடுத்துக் காட்டினார்.

இது அரிசியால்தானா, வேறு காரணமா என்று பார்க்க வேண்டுமே? கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905 டிசம்பரில் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் போட்டார்கள். ஒற்றை எண்காரர்கள் ஒரு கட்டிடத்தில், இரட்டை எண்காரர்கள் எதிர்க் கட்டிடத்தில். சாப்பாடு எல்லாம் ஒன்றுதான், அரிசி மட்டும் வேறு. ஒரு பக்கம் சயாம் பச்சரிசி, மறு பக்கம் இந்தியப் புழுங்கல் அரிசி. இடத்தில்தான் கோளாறோ என்று நடுவில் கட்டிடத்தையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்து போனார்கள். புழுங்கல் அரிசிக்காரர்களில் ஒருவர் கூட அந்த வியாதியால் சாகவில்லை.

நம் நாட்டிலும் இதே கதை நடந்தது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1918-ல் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஒற்றை அறையில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பேர் மாறியது. குன்னூரில் மெக்கரிசனுக்குப் பிறகு வந்தவர் அய்க்ராய்ட். அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தின் வடபகுதியில், ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. தெற்கே நம் பக்கம் இல்லை. இரண்டு பக்கமும் சோறு தின்கிற ஏழைகள்தான். அங்கே மில் பச்சரிசி, இங்கே புழுங்கல். 1940-ல் அவரும் கூட வேலை பார்த்தவர்களும் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாக்கிற்று.

இப்போது பெரிபெரி எங்கே இருக்கிறது?

சிலர் கேட்கலாம், அந்த வியாதியைத்தான் இப்போது காணோமே, பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்று. நியாயமான கேள்வி. வியாதி மாறியிருக்கிறது, தட்டு மாறவில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம். நூற்றுக்குப் பாதிக்கு மேல்.

இன்னொரு பக்கம் சர்க்கரை வியாதி. ஒரு காலத்தில் பட்டணத்துப் பணக்காரர் வியாதி என்றோம். இப்போது களத்து மேட்டிலும் இருக்கிறது. 2020-ல் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், 21 நாடுகளில் ஒரு லட்சத்து 32 ஆயிரம் பேரைப் பல வருஷம் கவனித்தார்கள். நம்முடைய தெற்காசியப் பகுதியில், நாளைக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைக் காட்டிலும் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு 61 சதவீதம் கூடுதல். நம் தாத்தாவும் ஒரு படிச் சோறு தின்றார். ஆனால் அவர் ஏர் உழுதார், கமலை இறைத்தார், வாய்க்கால் வெட்டினார். இன்று டிராக்டர் உழுகிறது, மோட்டார் இறைக்கிறது. சோற்று அளவை மட்டும் நாம் குறைக்கவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லி விட வேண்டும். புழுங்கல் அரிசி ரத்தசோகைக்கு மருந்து இல்லை. இரும்புச் சத்து சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற பண்டத்தில்தான் வர வேண்டும். குன்னூரில் மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த பஞ்சாப் சீக்கியர் சாப்பாட்டில் எலி சராசரி 235 கிராம் எடை வந்தது. அரிசியே பெரும்பங்காக இருந்த சென்னை மாகாணத்துச் சாப்பாட்டில் 155 கிராம்தான். தட்டில் சோறு குவிந்து, தொட்டுக் கொள்வது சுருங்கினால் இதுதான் கதி.

என்ன செய்யலாம்?

முதலாவது, விளைகிற நெல்லை முழுக்க விற்று விட்டுக் கடையில் பாலீஷ் அரிசி வாங்காதீர்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் கொடுத்த அம்பை 16 நமக்குத் தெரிந்த ரகம். குட்டையும் குண்டுமான அரிசி, இட்லிக்குக் கேட்டு வாங்குகிறார்கள். அதைப் போட்டிருந்தால் வீட்டுக்கு என்று சில மூட்டை நிறுத்திக் கொண்டு அவித்து வையுங்கள். புழுங்கலில் வாடை வருகிறது என்று சிலருக்குப் பிடிப்பதில்லை. பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறிப் புளிப்பதால் வருகிற வாடை அது. வெந்நீரில் மூன்று நாலு மணி நேரம் ஊற வைத்து அவித்தால் வாடை வராது.

இரண்டாவது, மில்லில் சொல்லித் தீட்டைக் குறையுங்கள். வெள்ளை வெளேர் என்று வர வேண்டாம், லேசாகப் பழுப்பு இருக்கட்டும். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இந்த அரிசி அதிக நாள் தாங்காது, காறிப் போகும். பத்துப் பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, தாய்மார்களுக்கு. கல், தூசி பொறுக்கி விட்டு இரண்டு தண்ணீரில் அலசினால் போதும். பச்சரிசியைக் கசக்கிக் கசக்கிக் கழுவினால், இருக்கிற கொஞ்சம் பி-1-லும் கால் பங்கிலிருந்து பாதி வரை கழுநீரோடு போய் விடும். முடிந்த நாளில் வடிக்காமல், தண்ணீர் அளந்து வைத்துப் பொங்குங்கள். நம் திருநெல்வேலிச் சீமையின் கூட்டாஞ்சோறு எவ்வளவு புத்திசாலித்தனமான சமையல் பாருங்கள்! அரிசி, துவரம்பருப்பு, காய்கறி, முருங்கைக் கீரை எல்லாம் ஒரே பானையில். வடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தோலோடு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் அப்படித்தான். இவற்றை விசேஷத்துக்கு என்று வைக்காமல் வாரம் இரண்டு நாள் செய்யுங்கள்.

நாலாவது, தட்டைப் பாருங்கள். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்போ, சுண்டலோ, கீரையோ, முட்டையோ, மீனோ வையுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தசோகை இருக்கிற பெண்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டை மட்டும் நம்பியிராமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து, கொடுக்கிற மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் புழுங்கல் என்று அளவை மீற வேண்டாம், வடிகஞ்சியும் குடிக்க வேண்டாம்.

கடைசியாகப் பரோட்டா. சீசன் நேரத்தில் குற்றாலம் ரோட்டில் கல் காய்ந்து கொண்டே இருக்கும். என்றைக்காவது பிள்ளைகளோடு சாப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் மைதாவும் தவிடும் முளையும் போன கோதுமைதான். அரிசிக்குச் சொன்ன கதை அதற்கும் பொருந்தும். தினமும் ராத்திரிச் சாப்பாடாக அதை வைத்துக் கொள்ளாதீர்கள்.

மாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மில்லில் வருகிற தவிடு இருக்கிறது, முதல் கழுநீர் இருக்கிறது, பிண்ணாக்கும் பசும்புல்லும் இருக்கிறது. அது பட்டினி கிடக்காது. பாடுபட்டு விளைவித்த நெல்லின் சத்தில் முதல் பங்கு உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் போகட்டும்.