பண்ருட்டியில் முந்திரிக் காலம்

விழுப்புரத்திலிருந்து கடலூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது பண்ருட்டி. பலாவுக்குப் பெயர் போன ஊர்தான். ஆனால் மார்ச் முதல் மே வரை சுற்றுவட்டாரச் செம்மண் தோப்புகளில் முந்திரி அறுவடை நடக்கும். பழத்தின் அடியில் கொட்டை தொங்கும் அழகை மரத்திலேயே பார்க்க வேண்டும்.

பிரேசிலில் பிறந்த இந்த மரத்தைப் போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல் இங்கே தோப்பு தோப்பாக மரங்களைச் சாய்த்துவிட்டது. புதுக்கன்று நட்டால் காய்ப்புக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த இழப்பைத் தாங்கி மீண்டும் நட்ட விவசாயிகளை வணங்கத்தான் வேண்டும்.

பச்சைக் கொட்டையை ஆசைக்குக்கூடக் கடித்துவிடாதீர்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கறுக்கவைப்பதும் அதுதான்.

பருப்பு வாங்கும்போது 180, 240, 320 என்று தரம் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, ஏறக்குறைய எத்தனை முழுப்பருப்பு என்பதே அந்தக் கணக்கு. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். பாயசத்துக்கு உடைந்த பருப்பே போதும்.