எந்திரத்துக்கு வேலி போட எத்தனை விரல்கள் போயின!

அந்தப் பையனுக்கு வயது சுமார் 7. பெயர், ராபர்ட் பிளின்கோ. தாய் யார், தகப்பன் யார் என்பது அவனுக்குத் தெரியாது. லண்டன் நகரில், செயின்ட் பாங்கிராஸ் பகுதியில் இருந்த ஏழைகள் விடுதியில் அவன் வளர்ந்தான்.

1799-ம் ஆண்டு அந்த விடுதிப் பிள்ளைகளிடம் ஓர் ஆசை காட்டப்பட்டது. பஞ்சாலைக்கு வேலைக்குப் போனால் தினமும் இறைச்சியும் இனிப்புப் பண்டமும் கிடைக்கும். சட்டைப் பையில் வெள்ளிக் கடிகாரம் இருக்கும். முதலாளியின் குதிரையில் ஏறிச் சவாரி செய்யலாம். இப்படி எல்லாம் சொன்னார்கள்.

பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். சுமார் 80 பிள்ளைகள் வண்டியில் ஏறினார்கள். நாட்டிங்காம் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பஞ்சாலையில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அங்கே இறைச்சியும் இல்லை, குதிரையும் இல்லை. எந்திரம்தான் இருந்தது.

போனது விரல்!

வேலைக்குப் போய்ச் சில வாரங்களே ஆகி இருந்தன. ஒரு நாள் பிளின்கோவின் இடக்கை ஆள்காட்டி விரல் எந்திரத்தில் சிக்கியது. கண் மூடித் திறப்பதற்குள் விரல் நசுங்கிவிட்டது.

பையன் கதறினான். எந்திரம் நிற்கவில்லை. ரத்தம் ஒழுக ஒழுக, விரலை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு, வைத்தியரிடம் அவனே ஓடினான். அவர் கட்டுப் போட்டார். அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? மறுபடியும் அவனை எந்திரத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

அதே ஆலையில் ஒரு சிறுமி வேலை பார்த்தாள். அவளுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. இடுப்பில் கட்டியிருந்த மேலாடையின் நுனி, சுழலும் இரும்புத் தண்டில் மாட்டிக்கொண்டது. தண்டு அவளைத் தூக்கிச் சுழற்றியது. அருகில் நின்ற பிளின்கோ அதைக் கண்ணால் பார்த்தான்.

சிறுமி உயிர் பிழைத்தாள். ஆனால், அதன் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் அவளால் நடக்க முடியவில்லை.

பிளின்கோ வளர்ந்து பெரியவன் ஆனான். அவனுடைய வாழ்க்கைக் கதையை ஜான் பிரவுன் என்பவர் கேட்டு எழுதினார். 1832-ல் அது சிறு புத்தகமாக வெளிவந்தது. படித்தவர்கள் பதறினார்கள்.

கூரைக்கு அடியில் எமன்

அந்தக் காலத்துப் பஞ்சாலை எப்படி ஓடியது? இதைத் தெரிந்துகொண்டால்தான் ஆபத்து எங்கே இருந்தது என்பது புரியும்.

இன்று ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனியாக மோட்டார் இருக்கிறது. அன்று அப்படி இல்லை. ஆலை முழுவதற்கும் சேர்த்து நீராவி எந்திரம் ஒன்றோ இரண்டோதான். அது ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். ஒவ்வொரு மாடியிலும், கூரைக்குச் சற்றுக் கீழே, அந்தச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டுகள் கிடக்கும். அந்தத் தண்டில் இருந்து தோல் பட்டைகள் கீழே இறங்கி, ஒவ்வொரு எந்திரத்தையும் ஓட்டும்.

தண்டு நிமிஷத்துக்கு 100 தடவைக்கு மேல் சுற்றும். அதாவது, ஒரு வினாடிக்குள் ஒன்றரைச் சுற்றுக்கு மேல்! பார்ப்பதற்கு வழவழவென்று இருக்கும். சுற்றுகிறதா, நிற்கிறதா என்பதுகூடச் சட்டென்று தெரியாது. முந்தானையோ, கூந்தலோ, சட்டைக் கையோ பட்டால் சுருட்டிக்கொள்ளும்.

தோல் பட்டை அடிக்கடி கழன்று விழும். உடனே ஒருவர் ஏணியில் ஏறி, அதை மறுபடி மாட்ட வேண்டும். தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பட்டைக்காக ஆலை முழுவதையும் நிறுத்த முதலாளிக்கு மனம் வராது. பட்டை தண்டில் சுற்றிக்கொண்டால், அதைப் பிடித்திருக்கும் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

நூல் எந்திரத்தின் அடியிலும் ஆபத்து இருந்தது. அங்கே விழும் பஞ்சைப் பொறுக்கச் சின்னப் பிள்ளைகள் தவழ்ந்து போவார்கள். எந்திரத்தின் ஒரு பாகம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அது திரும்பி வருவதற்குள் பிள்ளை வெளியே வந்துவிட வேண்டும். வரத் தவறினால்?

வந்தது சட்டம்

1833-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. ஆலைகளைச் சோதித்துப் பார்க்க நாடு முழுவதற்கும் 4 அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் லியோனார்டு ஹார்னர். எடின்பரோவில் பிறந்தவர். பூமியையும் பாறைகளையும் பற்றி ஆராய்ந்த படிப்பாளி. பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர் அவருடைய பொறுப்பில் இருந்தது.

1840-ல் ஒரு வழக்கு நடந்தது. ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் 17 வயதுப் பெண் ஒருத்தி, மூடி இல்லாத தண்டில் சிக்கி ஊனம் அடைந்தாள். ஏழைப் பெண். முதலாளியை எதிர்த்து வழக்குப் போட அவளிடம் ஏது பணம்? ஆஷ்லி பிரபு என்பவர் அவளுக்குத் துணை நின்றார். 100 பவுன் நஷ்டஈடு கிடைத்தது.

பிறகு 1844-ல் புதிய சட்டம் வந்தது. ஆலைகளில் சக்தியைக் கொண்டு செல்லும் தண்டுகளுக்கும் சக்கரங்களுக்கும் வேலி போட வேண்டும் என்றது சட்டம். வேலி என்றால் முள்வேலி அல்ல. கை படாதபடி பலகையாலோ தகட்டாலோ போடும் மூடி. ஓடும் எந்திரத்தைப் பிள்ளைகள் துடைக்கக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. விபத்து நடந்தால் தகவல் சொல்ல வேண்டும். எச்சரிக்கை செய்த பிறகும் வேலி போடாமல் விட்டு, யாருக்காவது காயம் பட்டால், 10 பவுன் முதல் 100 பவுன் வரை அபராதம்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைக்கத் தோன்றும்? இல்லை! இனிமேல்தான் சண்டையே!

7 அடிச் சண்டை

கீழே இருந்த தண்டுகளுக்கு முதலாளிகள் மூடி போட்டார்கள். தரையில் இருந்து 7 அடிக்கு மேல் இருந்த தண்டுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். அவ்வளவு உயரத்துக்கு யார் கை எட்டும் என்று கேட்டார்கள். சட்டத்தில் 7 அடி என்ற கணக்கே கிடையாது. ஆனாலும், பல ஆண்டுகள் அதிகாரிகளும் பேசாமல் இருந்தார்கள்.

ஏணியில் ஏறியவர்களின் கை எட்டியது. எண்ணெய் விடப் போனவனின் கை எட்டியது. பட்டை மாட்டப் போனவனின் கை எட்டியது. சுவருக்கு வெள்ளை அடிக்கப் போனவனின் கையும் எட்டியது.

மூன்று ஆண்டுகளில் ஆலை விபத்துக்களால் ஏற்பட்ட சேதத்தை அன்றைய பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது. போன உயிர்கள் 106. போன கைகள் 142. போன விரல்கள் 1,287!

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் யார் தெரியுமா? உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்! 1854-ம் ஆண்டு ஏப்ரலில், அவருடைய "ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்" பத்திரிகையில் ஹென்றி மார்லி என்பவர் அந்தக் கட்டுரையை எழுதினார். அதே சமயத்தில், அதே பத்திரிகையில், ஆலை நகரம் ஒன்றைப் பற்றிய "ஹார்டு டைம்ஸ்" என்ற தொடர்கதையை டிக்கன்ஸ் எழுதிக்கொண்டு இருந்தார்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில், "எத்தனை அடி உயரமானாலும் சரி, எல்லாத் தண்டுகளுக்கும் வேலி போட வேண்டும்" என்று ஹார்னரும் மற்ற அதிகாரிகளும் கண்டிப்பு காட்டினார்கள்.

முதலாளிகள் கொதித்து எழுந்தார்கள். செலவு அதிகம் என்றார்கள். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்றார்கள். உள்துறை மந்திரி பாமர்ஸ்டன் பிரபுவைப் போய்ப் பார்த்தார்கள். உத்தரவு தளர்ந்தது. 1855-ல் மான்செஸ்டர் நகரில் அவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். வழக்கு நடத்தப் பணம் திரட்டினார்கள்.

டிக்கன்ஸின் பத்திரிகை அந்தச் சங்கத்துக்கு ஒரு கேலிப் பெயர் சூட்டியது. "தொழிலாளரை நசுக்கும் சங்கம்" என்பது அந்தப் பெயரின் பொருள்!

முதலாளிகளுக்கு ஆதரவாகவும் பேனா பிடித்தார்கள். ஹாரியட் மார்ட்டினோ என்ற புகழ் பெற்ற எழுத்தாளர், சட்டம் ஆலைக்குள் நுழைந்து தொல்லை தரக் கூடாது என்று தனிப் புத்தகமே எழுதினார்.

யார் ஜெயித்தார்கள்? 1856-ல் முதலாளிகள் ஜெயித்தார்கள்! பெண்களும் பிள்ளைகளும் வழக்கமான வேலையில் தொடக்கூடிய இடத்துக்கு மட்டும் வேலி போட்டால் போதும் என்று சட்டம் மாறியது. ஏணியில் ஏறிய ஆண் தொழிலாளிக்குப் பாதுகாப்பு போயிற்று. அப்போது ஹார்னருக்கு வயது 71. அவர் மனம் தளரவில்லை. 1859 வரை பதவியில் இருந்து, ஆலை ஆலையாகச் சோதனை நடத்தினார்.

வேலிக்குத் தனியே போராட்டம் தொடர்ந்தது. 1897-ல் மற்றொரு சட்டம் வந்தது. தவறு யாருடையது என்று பார்க்காமல், வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். விரலுக்கு விலை கொடுக்க வேண்டி வந்த பிறகுதான், வேலியின் விலை மலிவு என்று பலருக்குத் தெரிந்தது!

நம் நாட்டில்

இந்தியாவில் 1881-ல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது, ஆபத்தான எந்திரங்களுக்கு வேலி போட வேண்டும் என்று அது சொன்னது. 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது.

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன் 21-வது பிரிவு வேலியைப் பற்றியது. 22-வது பிரிவு ஓடும் எந்திரத்தைப் பற்றியது. எந்திரம் ஓடும்போதே அதைச் சோதிக்க வேண்டி இருந்தால், பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளிதான் செய்ய வேண்டும் என்று அது சொன்னது. அவர் உடலை ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்றது. அந்த உடையை நிர்வாகம் கொடுக்க வேண்டி இருந்தது. எந்திரத்தை ஓட்டும் பாகங்களை, அவை ஓடும்போது, பெண்கள் துடைக்கவும் எண்ணெய் விடவும் கூடாது என்று இருந்தது.

200 ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு சிறுமியின் மேலாடை சிக்கியதே, அந்தப் பாடம் இந்தப் பிரிவில் இருந்தது! பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து, 2020-ல் பாராளுமன்றம் புதிய சட்டத் தொகுப்பு ஒன்றையும் நிறைவேற்றியது.

சட்டம் இருந்தும் விரல்கள் போவது நிற்கவில்லை. அரியானா மாநிலத்தில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறைகள் ஏராளம். அங்கே "பவர் பிரஸ்" என்ற எந்திரம் இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கும். அதில் விரல் இழந்த தொழிலாளர்கள் பலர். பெரும்பாலும் இளைஞர்கள். பிழைப்புத் தேடி வேறு மாநிலங்களில் இருந்து வந்தவர்கள்.

இந்த எந்திரத்துக்கு எளிய பாதுகாப்பு உண்டு. இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் எந்திரம் அடிக்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால், விரல் எப்படி உள்ளே போகும்? ஆனால், வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று ஒரு பொத்தானைக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். மூடியைக் கழற்றி மூலையில் வைத்துவிடுகிறார்கள்.

வீட்டில் சொல்லுங்கள்

உங்கள் வீட்டில் யாராவது ஆலைக்கோ பட்டறைக்கோ வேலைக்குப் போகிறார்களா? அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்:

எந்திரத்தின் மூடி கழன்று இருந்தால், மேஸ்திரியிடம் சொல்லி மாட்டிய பிறகு வேலையைத் தொடங்க வேண்டும். மூடியைத் தாங்களாகவும் கழற்றக் கூடாது.

துடைப்பதும் எண்ணெய் விடுவதும் எந்திரம் நின்ற பிறகுதான். நிறுத்தினால் மட்டும் போதாது. பழுது பார்க்கும்போது சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பழுது பார்ப்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், உள்ளே கை இருப்பது தெரியாமல் வேறொருவர் சுவிட்சைப் போட்டுவிடுவார்.

சேலை முந்தானை, துப்பட்டா, தொங்கும் சடை, தளர்ந்த சட்டைக் கை, வளையல், மோதிரம் ஆகியவை எந்திரத்துக்கு அருகே கூடாது. மாவு மில்லுக்கும் கரும்புச் சாறு பிழியும் எந்திரத்துக்கும் இதே விதிதான்.

அடிபட்டால், சின்னக் காயம் என்று விட்டுவிடாமல், விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு நஷ்டஈடு கேட்க அதுதான் சாட்சி.

ராபர்ட் பிளின்கோ கடைசியில் என்ன ஆனார்? சிறு வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தார். கல்யாணம் செய்துகொண்டார். 3 குழந்தைகள் பிறந்தார்கள். 1833-ல் அரசாங்க விசாரணைக் குழு அவரை அழைத்துக் கேட்டது. தம் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்புவதைவிட, கைதிகளோடு கப்பல் ஏற்றி நாடு கடத்துவதே மேல் என்று அவர் சொன்னார்.

ஒரு பிள்ளையையும் அவர் ஆலைக்கு அனுப்பவில்லை. அவர் மகன் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் படித்துப் பாதிரியார் ஆனார்.

தகப்பனின் விரலை எந்திரம் பிடித்தது. மகனின் விரல் பேனா பிடித்தது!